வருகிற வருஷத்துப் பத்திரிகை

இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி ராமலிங்கத்துக்கு ஆழ்ந்த கவலை உண்டு. என்ன, அந்தக் கவலை அறுபது வருஷம் பிந்தி வரும். சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்காமல் பம்பாய்க் கட்டடக்காரர்கள் தவிப்பதை நினைத்துக் காலைக் காப்பியின்போது உச்சுக்கொட்டுவார். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கும் குமாஸ்தாக்களுக்காக மத்தியானச் சாப்பாட்டில் பெருமூச்சு விடுவார். வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோனால் மட்டும் அது அவர் காதுக்கு எட்டாது.

புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற அவருடைய வீட்டின் மாடி அறை முழுக்கப் பழைய வியாபாரப் பத்திரிகைகள். பம்பாயிலிருந்து வந்தவை, கல்கத்தாவிலிருந்து வந்தவை, சென்னையில் தமிழில் அச்சாகி நாலைந்து இதழோடு மூச்சை விட்டவை. சண்டே மார்க்கெட்டில் பொறுக்கியது பாதி. பழைய பேப்பர் கடைத் தராசிலிருந்து கடைசி நொடியில் காப்பாற்றியது மீதி. கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு இதே வேலை. உப்புக் காற்றில் துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார், நூல் கோத்துத் தைப்பார், இடுக்கில் அந்துருண்டை போடுவார். விசிட்டிங் கார்டு அச்சடித்தபோது 'கண்காணிப்பாளர் (ஓய்வு)' என்று போட அவருக்கு மனம் வரவில்லை. 'பொருளாதார வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டுக்கொண்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்திரிகைகள் பார்க்கத் தக்கவைதான். முழுப் பக்க டைப்ரைட்டர் விளம்பரத்தில் கழுத்துப்பட்டை கட்டிய மேனேஜர் ஒருவர், தனக்கு ஆண் குழந்தை பிறந்ததுபோல் டைப்ரைட்டரைப் பார்த்துச் சிரிப்பார். கம்பெனிச் சேர்மன்களின் ஆண்டுப் பேருரை வரி விடாமல் அச்சாகியிருக்கும். எல்லாச் சேர்மன்களுக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு மூக்குக்கண்ணாடி. எல்லோரும் சொல்வதும் ஒரே விஷயம்: இந்த ஆண்டு சோதனையான ஆண்டு. எந்த வருஷத்து இதழைப் பிரித்தாலும் அந்த வருஷம் சோதனையான வருஷமாகவே இருக்கும். அடுத்த இதழில் அதே சேர்மன் புதுக் காருக்குப் பக்கத்தில் நிற்பார்.

இதையெல்லாம் அடுக்கிய விதத்தில்தான் ராமலிங்கத்தின் மேதைமை. 1965, 1966 என்று எழுதி ஒட்டினால் அது காஸ் புத்தகத்து நம்பர் மாதிரி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அதனால் பழுப்பு அட்டை போட்டுக் கட்டிய ஒவ்வொரு கட்டின் முதுகிலும் சிவப்பு மையில், தடித்த எழுத்தில், தமிழ் வருஷத்தின் பெயரை எழுதினார். சோபகிருது. குரோதி. விசுவாவசு. பராபவ. கதவைத் திறந்தால் கோயில் கல்வெட்டுக்கு முன்னால் நிற்பதுபோல் ஒரு கம்பீரம்.

கம்பீரம் அதோடு நின்றிருக்கலாம். வாசலுக்கு ஒரு போர்டு வேண்டும் என்று தோன்றியது. தமிழில் எழுதினால் தெருக்காரர்கள் படித்துவிடுவார்கள். இங்கிலீஷில் எழுதினால் எல்லாரும் படித்துவிடுவார்கள். ஆகவே பிரெஞ்சு. ராமலிங்கத்துக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ழூர்' வரைக்கும்தான். அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரிடம் எழுதி வாங்கி, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் மாட்டினார்: 'ஆர்ஷீவ் எகோனொமிக்'. பொருளாதார ஆவணக் காப்பகம்.

அடுத்த சனிக்கிழமையே முதுகில் மூட்டையோடு பெங்களூரிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்து மணியை அடித்தது.

"அங்கிள், எகானமி ரூம் இருக்கா?"

அந்த ஜோடிக்கு ராமலிங்கம் லைசென்ஸ் முறையைப் பற்றி விளக்கினார். ஜோடி ஓடிவிட்டது. அடுத்த வாரம் வேறு ஜோடி. கோடை முழுக்க இதே கதை. கீழே சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வாம்பாள் ஆனி மாதக் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, வாசல்ல வந்து நிக்கறவங்க எல்லாரும் ரூமுதான் கேக்கறாங்க. ஒருத்தராவது பேப்பரு கேட்டாங்களா?"

"பேப்பர் இல்ல செல்வா. ஆவணம்."

"ஆவணி ஒண்ணாம் தேதி அந்த ஆவணம் காலி. தெருவுல மூணு வீட்டுல ஹோம்ஸ்டே போட்டுட்டாங்க. நமக்கு ரூமும் கீது, போர்டும் கீது. ஆடித் தள்ளுபடியில ஒரு ஏசி வாங்கிப் போட்டா முடிஞ்சிது."

"உலகமே வந்து பாக்க வேண்டிய கலெக்‌ஷன் இது!"

"உலகம் வேணாம். ஒரே ஒரு ஆளு. நீங்க கூப்டாம, தானா வந்து, அந்தப் பேப்பர பாக்கணும்னு கேக்கட்டும். நான் ரூமை கேக்கவே மாட்டேன். ஆடி முடியறதுக்குள்ள."

ராமலிங்கம் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். புதுச்சேரி மாதிரி ஓர் ஊரில் ஒரே ஓர் ஆள் கிடைக்கமாட்டானா?

ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழுக்கு வந்த கூட்டத்தில் ஓர் ஆள் கூட மாடிக்கு ஏறவில்லை. டீக்கடையில் யாராவது சர்க்கரை விலை என்று வாயெடுத்தால், "விசுவாவசுவுல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ராமலிங்கம் ஆரம்பிப்பார். வாயெடுத்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நகர்வார். பொறுத்துப் பார்த்துவிட்டு, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்யும் சிந்துஜா என்ற பெண் மரியாதையாகவே வந்தாள். சுற்றிப் பார்த்தாள். அந்துருண்டை வாசனையில் தொடர்ந்து தும்மினாள்.

"சூப்பர் சார். எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

"ஸ்கேனா? இந்தக் காகிதத்தத் தொட்டுப் பாரும்மா. திட்டக் கமிஷன் காலத்துக் காகிதம்."

அவள் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தும்மினாள். "பிடிஎஃப் இருந்தா மெயில் பண்ணுங்க சார்" என்று சொல்லி, பராபவ கட்டுக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

"இது கணக்குல சேரும்" என்றார் ராமலிங்கம்.

"கூப்ட்டு வந்தவங்க சேராது" என்றாள் செல்வாம்பாள். "மூக்கடச்சிக்கினு போவுது பாவம், அந்தப் பொண்ணு."

ஏசிக்கு அளவெடுக்க அரிகிருஷ்ணன் வந்தான். நெல்லித்தோப்பில் ஏசி, ஃபிரிட்ஜ் கடை வைத்திருப்பவன். செல்வாம்பாளின் ஊர்க்காரன், அந்த உரிமையில் அவளை அக்கா என்பான், அவள் புருஷனை மட்டும் ஏனோ மாமா என்னாமல் சார் என்பான். டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தான். ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். திரும்பியபோது அலமாரியின் மேல் தட்டு அவன் கண்ணுக்கு நேராக வந்தது. டேப் சுருண்டு டப்பென்று உள்ளே போயிற்று.

"சார்."

"என்ன அரி?"

"இது விசுவாவசு. நடக்கற வருஷம்."

"ஆமாம்."

"பக்கத்துல... பராபவ. அது வர்ற சித்திரைக்குத்தான பொறக்குது?"

"ஆமாம்."

அரிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினான். "வர்ற வருஷத்து புக்கு உங்களுக்கு இப்பவே வந்துடுச்சா?"

'டேய், இது போன சுற்றுப் பராபவ, 1966' என்று ராமலிங்கம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் இந்த அறைக்குள் இவ்வளவு பயபக்தியோடு யாரும் நின்று அவர் பார்த்ததில்லை. அந்தக் காட்சியைக் கொஞ்சம் அனுபவித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு மூச்சு தாமதித்தார். அதற்குள் அரிகிருஷ்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சார், ஒரு தடவ அத்த பாக்கலாமா?"

கேட்டுவிட்டான்! தானாக! ராமலிங்கம் மாடிப்படிப் பக்கம் எட்டி, "செல்வா! காதுல விழுந்துதா?" என்று கத்தினார். பிறகு கட்டைப் பிரித்தார். கறுப்பு மூக்குக்கண்ணாடி போட்ட சேர்மன் ஒருவர் அரிகிருஷ்ணனை உற்றுப் பார்த்தார். தேதியை அரிகிருஷ்ணன் விரலால் தடவிப் பார்த்தான்.

"ஓ. போன தடவ வந்த பராபவயா?"

"ஆமாம்பா. அறுபது வருஷத்துக்கு முந்தி."

"அதான் சார் கரெக்டு!" என்று அரிகிருஷ்ணன் துள்ளினான். "அறுபதுக்கு ஒருக்கா அதே வருஷம்தான திரும்புது! பஞ்சாங்கத்துல வருஷத்துக்கு நாலு வரி வெண்பாதான் போடறான். நீங்க வாரா வாரம் வெச்சிக்கினு இருக்கீங்களே! இன்னா போட்டுருக்கான்? படிங்க."

ராமலிங்கம் படித்தார். ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சாமான் விலை ஏறும். மழை ஏமாற்றிவிட்டது. இது சோதனையான ஆண்டு.

அரிகிருஷ்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "கம்ப்ரசர் பூரா வெளிநாட்டுலேந்துதான் சார் வருது" என்றான் ஈனமாக.

அவன் போன பிறகு செல்வாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். "அவன் ஏசிக்கு அளவெடுக்க வந்தான். வந்த எடத்துல கேட்டான். அது தானா வந்ததுல சேராது."

"இது அநியாயம்."

"அப்ப அவனே திரும்ப வரட்டும். ஏசிக்கு இல்லாம, பேப்பருக்குன்னே வரட்டும். ஆடி இன்னும் முடியல இல்ல?"

ராமலிங்கத்துக்கு அப்போதுதான் தன்னுடைய நிலைமை புரிந்தது. பஞ்சாங்கம் பார்ப்பதைக் கிண்டலடித்துப் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. 'அறிவியல் யுகத்தில் ஆரூடமா?' என்ற தலைப்பில் ஒன்று அச்சாகியும் இருக்கிறது. அப்படிப்பட்டவருடைய அறை இப்போது பிழைக்க வேண்டுமானால், ஓர் ஏசி வியாபாரி அதைப் பஞ்சாங்கம் என்று நம்பித் திரும்பி வரவேண்டும். வரட்டும், வந்தவுடன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனசாட்சியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். வந்தால்தான் பந்தயம் ஜெயிக்கும். சொன்னால்தான் மானம் நிற்கும். வரிசை மாறாமல் நடந்துவிட்டால் இரண்டும் கைக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிகிருஷ்ணன் வந்தான். தனியாக வரவில்லை. அரிசி மண்டி கமலக்கண்ணன், அவர் மச்சான், டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், இன்னும் யார் யாரோ. மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் ஒழுங்காக வரிசை கட்டின. கமலக்கண்ணன் கையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்த தட்டு.

"இதெல்லாம் எதுக்கு?" என்று ராமலிங்கம் பதறினார்.

"வெறுங்கையோட கேக்கக் கூடாதில்லிங்களா" என்றார் கமலக்கண்ணன்.

பழத்தை செல்வாம்பாள் ஆட்சேபம் ஏதுமின்றி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு முறத்தில் பூண்டை எடுத்துக்கொண்டு வந்து மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். பூண்டு உரிக்க வீட்டில் வேறு இடமே இல்லாததுபோல.

ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே! இவை பழைய பத்திரிகைகள். அன்றைய பொருளாதார வாழ்வின் ஜன்னல்கள். இதுல இருக்கறது 1966. அப்ப நடந்தது இப்ப நடக்கும்னு எந்தச் சட்டமும் இல்ல. நான் ஜோசியன் இல்ல. நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது."

எல்லோரும் கைகட்டித் தலையாட்டினார்கள்.

"தெரியும் சார்" என்றார் கமலக்கண்ணன். "நாங்க இன்னா படிக்காதவங்களா? என் பையன் எம்பிஏ."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"டிவியில தெனம் ஒருத்தன் கோட்டு போட்டுக்கினு ஒக்காந்து மார்க்கெட்டு ஏறும்ன்றான். எறங்குது. எறங்கும்ன்றான். ஏறுது. உங்க புத்தகத்துல இருக்கறது ஒரு தடவயாவது நடந்துருக்கு சார். அவன் சொல்றது ஒரு தடவ கூட நடக்கல."

பொருளாதார வரலாற்று ஆய்வாளர் என்ற முறையில் இதை மறுக்க ராமலிங்கம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கே தெரியும்" என்று டைல்ஸ் கடைக்காரர் சேர்த்துக்கொண்டார், "எல்லாம் சோதனையான வருஷம்னு போட்டுருக்காமே. கடையத் தொறந்து பாருங்க, கரெக்டா இருக்கு."

அரிகிருஷ்ணன் முன்னால் வந்தான். முகத்தில் தூக்கமில்லை. "சார், சுத்தி வளைக்கல. நேராவே கேக்கறேன். கம்பெனிக்காரன் வர்ற கோடைக்கு இப்பவே லோடு எடுன்றான். இருக்கறத எல்லாம் அடகு வெச்சாத்தான் எடுக்க முடியும். எடுக்கட்டா, வேணாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

அறையில் அந்துருண்டை வாசனையும் பூண்டு வாசனையும் மட்டும் இருந்தன. ராமலிங்கத்தின் நாக்கில் இரண்டு பதில்கள் தயாராக நின்றன. 'எடு' என்றால் இந்தக் கூட்டம் அடுத்த ஞாயிறும் வரும். 'வேணாம்' என்றால் அதைவிட நிச்சயமாக வரும். கெட்டதைச் சொல்கிறவரிடம்தான் ஊர் திரும்பத் திரும்பப் போகும். அறை பிழைக்கும், போர்டு பிழைக்கும். தெருவில் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இத்தனை வருஷம் அவர் பேசியதற்கெல்லாம் கேட்க ஆளில்லாமல் போன கடன் ஒரே நாளில் தீரும்.

அரிகிருஷ்ணனைப் பார்த்தார். சட்டைப் பையில் அன்று ஜன்னலை அளந்த டேப்.

"தெரியாது" என்றார் ராமலிங்கம்.

மேல்படியில் பூண்டு உரிபடுவது நின்றது. செல்வாம்பாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. பீச்சுக்கு வழி கேட்டு வந்தவர்களுக்குக் கூடப் பழைய துறைமுகத்தின் ஏற்றுமதிக் கணக்கோடு சேர்த்துத்தான் வழி சொல்வார். அவளுடைய பிரசவத்தின்போது டாக்டரம்மாவுக்கே யோசனை சொன்ன மனிதர்.

"தெரியாதா?" என்றான் அரிகிருஷ்ணன்.

"தெரியாதுப்பா. நெஜமாவே எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அரிகிருஷ்ணன் கமலக்கண்ணனைப் பார்த்தான். கமலக்கண்ணன் டைல்ஸ் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பிவிட்டு, செருப்புச் சத்தம் கூட வராமல் இறங்கிப் போனார்கள். மானம் நின்றுவிட்டது என்று ராமலிங்கம் நினைத்துக்கொண்டார். அறைதான் போய்விட்டது: வந்தவன் பேப்பரைக் கேட்கவில்லை, குறிதான் கேட்டான், செல்வாம்பாளின் கணக்கில் அது சேராது. பராபவ கட்டைத் திரும்பக் கட்டும்போது முடிச்சு சரியாக விழவில்லை.

செல்வாம்பாள் உள்ளே வந்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லியா உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன எதுக்குத் தெரியாதுன்னீங்க?"

"தெரியாததால."

அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே போனாள்.

ஆடிக் கடைசி நாள் காலையில் ராமலிங்கம் கட்டுகளை அட்டைப் பெட்டிகளில் இறக்கிக்கொண்டிருந்தார். சேர்மன்களைத் தலைகீழாக வைக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வைத்தார். ஏசிக்குப் பணம் கட்டிவிட்டுக் கையோடு எடுத்துவர செல்வாம்பாள் நெல்லித்தோப்புக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்த ஆட்டோவில் அவள் மட்டும் இருந்தாள்.

"ஏசி எங்க?" என்றார் மாடியிலிருந்து.

அவள் படியேறி வந்து, கொடியில் காய்ந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"தரமாட்டேன்னுட்டான்."

"யாரு, அரியா? ஏசிக் கடைக்காரன் ஏசி தரமாட்டேன்னுட்டானா?"

"கால்ல விழாத குறையா கெஞ்சறான். 'அக்கா, கூடப் பொறந்தவளா நெனச்சி சொல்றேன், இப்ப காசை இரும்புல போடாதீங்க. வர்ற வருஷம் சரியில்ல'ன்றான்."

"நான் தெரியாதுன்னுதான சொன்னேன்!"

"அதான் பயந்துட்டான்." செல்வாம்பாள் அரிகிருஷ்ணனைப் போலவே குரலைத் தாழ்த்தினாள். "'எல்லாம் தெரிஞ்ச மனுஷன்க்கா அவரு. அவரே தெரியாதுன்னு சொல்றார்னா, வாயால சொல்ல முடியாத அளவுக்கு என்னமோ வரப்போவுது. எங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு மறைக்கிறாரு'ன்றான். லோடு வேணாம்னு கம்பெனிக்குச் சொல்லிட்டானாம். கமலக்கண்ணன் மண்டியில புது லாரி வாங்கறத நிறுத்திட்டாங்களாம்."

ராமலிங்கம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் நேர்ல போய் வெளக்கிட்டு வரேன்."

"போவாதீங்க. நேர்ல வேற போய் நின்னீங்கன்னா அவன் கடையவே மூடிடுவான்."

இது நியாயமாகப் பட்டது. ராமலிங்கம் சட்டைப் பொத்தானைப் போடாமலே உட்கார்ந்தார். "வேற கடையில வாங்கிக்கலாமே?" என்று கேட்டார். கேட்டபிறகுதான் யார் பக்கம் பேசுகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"அவன விட்டுட்டு வேற கடையில வாங்கினா ஊர்ல என் மூஞ்சியில முழிப்பானா? தள்ளுபடியும் இன்னியோட சரி. ஏசி இல்லாத ரூமுக்கு இந்த ஊரு வெக்கையில எவன் வருவான்?" அவள் பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணில் இன்னும் வழக்கு முடியவில்லை. "சரி, பேச்சு பேச்சாவே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம அவன் தானா வந்தானா?"

"வந்தான்."

"ஏசிக்கு வரல?"

"டேப்பு சட்டைப் பையிலதான் இருந்துது. வெளியவே எடுக்கல."

"பேப்பருக்குன்னே வந்தான்."

"பேப்பருக்குன்னே வந்தான். கூட நாலு பேரையும் கூட்டிக்கினு வந்தான்."

"எல்லாம் சரி." செல்வாம்பாள் எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு ஒருத்தனுக்காவது புரிஞ்சிதா?"

ராமலிங்கம் பெட்டியிலிருந்து பராபவ கட்டை வெளியே எடுத்துத் தூசி தட்டினார்.

"புரியணும்னு நீ சொல்லவே இல்லியே."